மண் படாத செருப்பு

"ஒரே ஒரு விரல வச்சுக் காட்டு. எங்க வலிக்குது?"

கட்டிலில் படுத்திருந்த மாணவி சுட்டுவிரலை நீட்டித் தொப்புளுக்கு வலப்பக்கம் வைத்தாள். சிஸ்டர் தலையாட்டிவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஞ்சுருண்டைகளை அடுக்கியபடியே காலையில் என்ன சாப்பிட்டாய், அண்ணன் என்ன படிக்கிறான், வீட்டு நாய் குட்டி போட்டதா என்று ஊர்க்கதை பேசினார். பேச்சு நாய்க்குட்டிகளின் நிறம்வரை வந்துவிட்டது. மாணவி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஆட்டி, எந்தக் குட்டிக்கு எந்தக் காது மடங்கியிருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "இப்ப எங்க வலிக்குது?" என்று திரும்பாமலே கேட்டார். விரல் இந்த முறை இடப்பக்கம் போய் நின்றது.

"வயித்துக்குள்ள பஸ் ஓடுதாம்மா? ஸ்டாப்புக்கு ஸ்டாப் மாறுதே" என்றார் சிஸ்டர். ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து, அவள் கடைசிச் சொட்டைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். அந்தச் சிக் ரூமில் வெந்நீர்தான் மருந்து, வெந்நீர்தான் தண்டனை. கணக்கு டீச்சரைத் தான் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லி அவளை வகுப்புக்கு அனுப்பி வைத்தார்.

பெண்களுக்கான அந்தக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் சிஸ்டருக்கு வகுப்பும் கிடையாது, பாடமும் கிடையாது. மாடிப்படிக்கு அடியில், ஒரு பக்கம் நாடக அரங்கும் மறுபக்கம் விளையாட்டு மைதானமுமாக நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சின்ன அறைதான் அவருடைய ராஜ்யம். இரண்டு கட்டில், ஒரு கண்ணாடி அலமாரி, கை கழுவும் தொட்டி, சுவரில் சிலுவை. ஜன்னலைத் திறந்தால் மைதானத்துப் புழுதி உள்ளே வரும். மூடினால் அரங்கில் பாட்டுப் பயிற்சி செய்பவர்களின் சத்தம் சுவர் வழியாக வரும். இரண்டுக்கும் பயந்து சிஸ்டர் ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தார். ஆகவே இரண்டும் வந்தன.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் தெர்மாமீட்டர். நெட்டையான, ஒல்லியான உருவம். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு. கோபம் வந்தால் வாய் பேசாது. கழுத்தில் ஒரு சிவப்பு கிளம்பிக் கன்னம் வழியாக நெற்றிவரை ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கிட்டப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம். இந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியது. யார் வைத்தது என்று விசாரிக்காமல், உடைந்தால் பாதரசம் கொட்டும், ஜாக்கிரதையாக இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

சிஸ்டர் பள்ளிக்கூடத்து மனுஷி இல்லை. தம் கன்னியர் சபையின் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை அறைக்குத் தலைமை நர்ஸாக இருந்தவர். இளவயதில் அந்த அறைக்குள் நுழைந்தவர், தலை நரைக்கும்வரை அங்கேயே நின்றார். டாக்டர் கையை நீட்டினால் போதும், வேண்டிய கருவி வந்து விழும். சிகிச்சை முடிந்து தையல் போடுவதற்கு முன்னால் உள்ளே போன பஞ்சும் துணியும் வெளியே வந்துவிட்டனவா என்று சரிபார்த்து அவர் தலையாட்டினால்தான் டாக்டர் ஊசியைத் தொடுவார். அந்தப் பழக்கமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்துவிட்டது. கதவைக் கையால் திறக்க மாட்டார். கழுவிய கை எதையும் தொடக்கூடாதே. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு முதுகால் கதவைத் தள்ளிப் பின்பக்கமாக நுழைவார். குழாயை முழங்கையால் திறப்பார். முதல் பருவம் முடிவதற்குள் ஏழாம் வகுப்பு முழுவதும் முதுகால் கதவு திறக்க ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் தலைமையாசிரியை வகுப்புக்குள் நுழையப்போகிற சமயத்தில் ஒரு முதுகு வந்து அவரை மோதித் தாழ்வாரத்துக்கே திருப்பி அனுப்பியது.

சபையின் தலைவியான மதர்தான் அவரை இங்கே அனுப்பினார். மதரும் ஒரு காலத்தில் அதே மருத்துவமனையில் நர்ஸ். அந்த ஒரு விரல் சோதனையை இருவரும் ஒரே வார்டில், ஒரே கிழட்டு நர்ஸிடம்தான் கற்றுக்கொண்டார்கள். பள்ளியின் சிக் ரூமைப் பார்க்க ஆளில்லை, ஒருத்தி நர்ஸ் படிப்பு முடித்து வர ஒரு வருஷம் ஆகும் என்று மதர் சொன்னார். "ஒரு வருஷம் மட்டும் பாருங்க சிஸ்டர். அப்புறம் உங்க இடம் உங்களுக்கே." சிஸ்டருக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டுக் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து மேலிடத்துக்கு அவர் முடியாது என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாயே வராது. சரி மதர் என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினார்.

பெட்டியோடு ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் செருப்பும் வந்தது. அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில், தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே நடக்கிற செருப்பு வெளியே வரக்கூடாது. வெளியே நடக்கிற செருப்பு உள்ளே போகக்கூடாது. அந்தக் கோட்டுக்குக் காவல் சிஸ்டர்தான். வெளிச்செருப்போடு தெரியாமல் காலை வைத்துவிட்ட பெரிய டாக்டரையே திரும்பிப் போய்க் காலைக் கழுவிவிட்டு வரச்சொன்னவர். கோட்டுக்கு உள்ளே மட்டும் போட்ட அந்த வெள்ளைச் செருப்பை, மண் படாமல், சுத்தமான துணியில் சுற்றிச் சிக் ரூம் அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். வாரம் ஒருமுறை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டில் கம்பியில் உலர்த்தி, மறுபடியும் சுற்றி வைப்பார். இந்தச் செருப்பை யாருக்காகக் கழுவுகிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். "என் வேலைக்கு. இங்க சும்மா விருந்துக்கு வந்திருக்கேன்" என்றார் சிஸ்டர்.

விருந்தாளிக்கு முதல் வாரமே வேலை குவிந்தது. ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்த சின்னதுகள் தலைவலி, காதுவலி, கால்வலி என்று வரிசையில் நின்றன. எல்லாம் ஒரே வியாதிதான், வீட்டு ஞாபகம். சிஸ்டர் யாரையும் கட்டிப்பிடித்துத் தேற்றவில்லை. ஆளுக்கொரு பிரிந்து கிடந்த பேண்டேஜ் துணியைக் கையில் கொடுத்தார். "அழுதுக்கிட்டே சுத்தலாம், பரவால்ல. ஆனா இறுக்கமா சுத்தணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவை சுற்றின. இறுக்கிச் சுற்றுவதில் கவனம் போனதும் அழுகை தானாக நின்றுபோனது. யாருடைய சுருள் சின்னது என்று போட்டி வந்தபோது சிஸ்டர் எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடியும் சுற்றச் சொன்னார்.

விளையாட்டு விழாவன்று முட்டியில் சிராய்ப்போடு வந்தவளுக்கெல்லாம் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போடுகிற கட்டே போட்டார். அரைகுறைக் கட்டு அவருக்குப் போடத் தெரியாது. பார்க்க அது அவ்வளவு கம்பீரமாக இருந்ததால், அடிபடாதவர்களும் கட்டுப் போடச் சொல்லி வந்து நின்றார்கள். மாலை பரிசளிப்புக்குள் பாதிப் பள்ளிக்கூடம் வெள்ளைக் கட்டோடு நொண்டியது. உடற்பயிற்சி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு, நான் நடத்தினது ஓட்டப்பந்தயமா இல்ல உலகப்போரா என்று சிஸ்டரைக் கேட்டார்.

மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி சிஸ்டருக்கு வேறொரு தலைவலி. நற்கருணை வாங்குவதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிற மாணவிகள் நெடுநேரம் முழந்தாளில் நின்று மயங்கி விழுவார்கள். ஒருத்தி விழுந்தால் பக்கத்திலிருப்பவளுக்கும் கண் இருட்டும். அப்புறம் ஒரு வரிசையே சாயும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த சிஸ்டர், மூன்றாம் மாதம் திருவுடைகள் வைக்கும் அறைக்குப் போய் ஃபாதரிடம் மிகுந்த பணிவோடு விஷயத்தைச் சொன்னார். "ஃபாதர், உங்க பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்கிட்ட ரெண்டு கட்டில்தான் இருக்கு." அன்று முதல் பிரசங்கம் பாதியாகச் சுருங்கியது. அந்த மாத விசுவாசிகள் மன்றாட்டில் பத்தாம் வகுப்பினர் சிஸ்டரின் நீண்ட ஆயுளுக்காக விசேஷமாக வேண்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுக்குப் பள்ளி முழுக்க வயிற்றுவலி என்றே பெயர். கணக்குப் பாடவேளை மணியடித்தால் அவள் சிக் ரூம் வாசலில் நிற்பாள். ஒரு விரல் சோதனையில் தோற்காத ஒரே ஆள் அவள்தான். எந்த இடத்தைக் காட்டினோம் என்பதை உள்ளாடையில் பேனாவால் புள்ளி வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டாள். புள்ளியைக் கண்டுபிடித்த அன்று சிஸ்டருக்குச் சிவப்பு நெற்றிவரை ஏறி, பிறகு பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது. வருஷ ஆரம்பத்தில் அவள் முனகினாள். அடுத்ததாக முனகலை விட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு லேசாகப் புன்னகை செய்கிற கட்டத்துக்கு முன்னேறினாள். சிஸ்டரும் கட்டில் தலைமாட்டில் நின்று, நேற்று நன்றாயிருந்தது, இன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, மூச்சை அவ்வளவு இழுக்காதே என்று அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார். தையல்கடை வைத்திருக்கும் அவளுடைய அம்மா ஒருநாள் பதறிப்போய் வந்தார். வீட்டில் ஒரு நாள்கூட வயிற்றுவலி என்று இவள் படுத்ததில்லையே, இங்கே மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டார்.

"இங்கதான கட்டில் இருக்கு" என்றார் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிஸ்டரின் தம்பி போன் செய்வார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று, பேரப்பிள்ளைகளுக்குக் குதிரையாக இருக்கிறவர். ஊர் உலகத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் காலை நீட்டி உட்காருகிறார்கள், உனக்கு மட்டும் ஏன் அக்கா இன்னும் கத்தியும் கத்தரிக்கோலும் கேட்கிறது என்பார். சிஸ்டர் விடமாட்டார். அங்கே உயிர் போகிற காரியம் நடக்கிறது, இங்கே பொய் வயிற்றுவலிக்கு வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், வருஷம் முடியட்டும், முதல் வண்டியில் கிளம்பிவிடுவேன் என்பார். தம்பி மனைவி போனை வாங்கி, அண்ணி, உங்க குரல் இப்ப நல்லா இருக்கு, முன்னல்லாம் ரகசியம் பேசுற மாதிரியே பேசுவீங்க என்றார். அறுவைச் சிகிச்சை அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

பிறகு பள்ளியின் பாதுகாவலியான புனிதையின் திருநாள் வந்தது. அந்தப் புனிதையும் ஒரு கன்னியாஸ்திரி. கொள்ளைநோய்க் காலத்தில் நோயாளிகளைப் பராமரித்து, அதே நோயில் இறந்தவர். ஒவ்வொரு திருநாளுக்கும் அவருடைய கதையைத்தான் நாடகமாகப் போடுவார்கள். தமிழாசிரியை எழுதிய நாடகம்; அந்த வருஷம் புனிதையாக நடிக்க வயிற்றுவலியையே தேர்ந்தெடுத்திருந்தார். ஒத்திகை முழுவதும் சுவர் வழியாகச் சிக் ரூமுக்குக் கேட்டுக் கேட்டு, சிஸ்டருக்கு வசனம் மனப்பாடமாகிவிட்டது. கடைசிக் காட்சியில் புனிதை கட்டிலில் உட்கார்ந்து, எல்லோரிடமும் விடைபெற்று, மெல்லச் சாய்ந்து உயிர் விடவேண்டும்.

திருநாள் காலையில் சிக் ரூமில் கால் வைக்க இடமில்லை. பாடகர் குழுவில் பாதிப்பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறைமாவட்டத் தலைவரான ஆயர் திருப்பலிக்கு வருவதற்கு இன்னும் சற்று நேரம்தான். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வயிற்றுவலி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. முனகலும் இல்லை, புன்னகையும் இல்லை. "சிஸ்டர், இன்னைக்கு நெஜமாவே வலிக்குது" என்றாள். சிஸ்டருக்கு ஒரு கையில் உப்புத் தண்ணீர், மறுகையில் யாரோ ஒருத்தியின் தாடை. விரலை வைத்துக் காட்டச் சொல்லக்கூட நேரமில்லை. வருஷத்திலேயே அந்த ஒரு தடவைதான் சோதனையைச் செய்யாமல் விட்டார். "நல்லதாப் போச்சு. அந்த வலிய அப்படியே மேடைக்குக் கொண்டுபோ, சாகுறதுக்கு உதவும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாலையில் அரங்கு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஆயர், பக்கத்தில் மதர், தலைமையாசிரியை. சிஸ்டர் வழக்கம்போல முதலுதவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தையல்கடை அம்மா தைத்துக் கொடுத்த கன்னியாஸ்திரி உடுப்பில் அந்தப் பெண் தண்ணீர்க்குடத்தோடு நோயாளிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். நாலடி நடந்தவள் நின்றாள். குடம் கையை விட்டு நழுவி மேடை விளிம்புவரை உருண்டு போனது. அவளும் அப்படியே மடங்கி விழுந்தாள். விழும்போது அவளுடைய கை அடிவயிற்றில் வலப்பக்கம் போய் அழுத்தியது.

நாடகத்தில் இப்படி விழுவது கிடையாது. சிஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் கை போன இடமும் தெரியும். அங்கே வலிக்கிறவர்களை இரவோடிரவாகத் தூக்கிக்கொண்டு வந்து அவர் எத்தனையோ முறை கத்திக்குத் தயார் செய்திருக்கிறார். காலையில் அந்தப் பிள்ளை நிஜமாகவே வலிக்கிறது என்று சொன்னதே! அடுத்த கணம் பக்கவாட்டுக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே, சிஸ்டர் மேடையில் இருந்தார்.

முழந்தாளிட்டு நாடியைப் பிடித்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "எங்கம்மா? ஒரு விரல்ல காட்டு, எங்க வலிக்குது?" என்று காதோடு கேட்டார்.

பிணம் மாதிரிக் கிடந்தவளின் உதடு அசையாமல் பதில் வந்தது. "ஒண்ணுமில்ல சிஸ்டர். இப்படி விழுந்தா நல்லாருக்கும்னு நானே மாத்திட்டேன். நான் செத்துக்கிட்டிருக்கேன், இன்னும் வசனம் பாக்கி இருக்கு."

சிஸ்டரின் கழுத்திலிருந்து சிவப்பு கிளம்பியது. திரை மறைவில் தமிழாசிரியை வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆயர் முதற்கொண்டு அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போனால் நாடகம் அதோடு போயிற்று. உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? அவருக்கு நடிக்கத் தெரியாது. ஆகவே தெரிந்ததைச் செய்தார். அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முக்காட்டின் நுனியால் அவள் நெற்றியைத் துடைத்தார். மருத்துவமனையில் எத்தனையோ கட்டிலோரங்களில் நிஜமாகவே சொல்லியிருந்த மரிக்கிறவர்களுக்கான செபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார். அவர் கைக்குள் அந்தப் பெண்ணின் நாடி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறாளே என்ற சந்தோஷத்தில் சிஸ்டருக்குக் கண்ணீர் கொட்டியது. செத்துப்போகிறாளே என்று கூட்டம் கண்ணீர் விட்டது. புனிதை கடைசி வசனத்தைச் சொல்லிக் கண்ணை மூடியபோது தையல்கடை அம்மா எழுந்து நின்று அழுதார்.

மேடையேறிய ஆயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். புனிதையாக நடித்த பிள்ளையைப் பாராட்டிவிட்டு அடுத்ததாகக் கேட்டார்: "அந்த வயசான சிஸ்டரா வந்த பிள்ளை யாரு? மேக்கப் ரொம்பப் பிரமாதம். முகத்துல சுருக்கமெல்லாம் நெஜம் மாதிரியே இருந்துச்சு."

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அரங்கில் யாரையும் அடக்க முடியவில்லை. தலைமையாசிரியை எவ்வளவோ முயன்றும் அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விஷயம் புரிந்ததும் ஆயர் தாமே இறங்கி வந்து, துணைப் பாத்திரத்துக்கான கோப்பையை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் கொடுத்தார். சிஸ்டர் அதை நேரே சிக் ரூமுக்குக் கொண்டுபோய், கொதிநீரில் கழுவி, பஞ்சுருண்டை போட்டு வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி போனில், நம் குடும்பத்தில் முதல் நடிகை நீதான் அக்கா என்று சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டார்.

திருநாளுக்கு மறுநாள் கணக்குப் பாடவேளை முடிந்தபிறகு அந்தப் பெண் வந்தாள். சிஸ்டர் முந்தின நாள் காலையில் சோதித்துப் பார்க்காமல் அனுப்பியது தன் தப்பு என்று அவளிடம் நேராகவே சொன்னார். அவளோ, அது மேடைப் பயத்தில் வந்த வலி, நீங்கள் கையைப் பிடித்ததும் போய்விட்டது என்றாள். இன்றைக்கு என்ன வலி என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்றாள். சும்மா வருகிறவர்களுக்கு வெந்நீர் கிடையாது என்று சொல்லிச் சிஸ்டர் ஒரு பேண்டேஜைப் பிரித்து அவள் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு பலரும் சும்மா வர ஆரம்பித்தார்கள். தவக்காலத்தில் இனிப்பு சாப்பிட மாட்டேன் என்று சபதம் எடுத்துவிட்டு மூன்றாம் நாளே தடுமாறியவள், பரீட்சையில் எல்லாம் மறந்துவிடும் என்று கனவு கண்டவள், தோழியோடு சண்டை போட்டவள் என்று யாராவது ஒருத்தி கட்டில் நுனியில் உட்கார்ந்திருப்பாள். வரலாறு டீச்சர்கூட ஒருநாள் வந்து வெந்நீர் குடித்துவிட்டுப் போனார். பரீட்சைக் காலைகளில் வரிசையில் நின்ற எல்லோருடைய நாடியையும் சிஸ்டர் பிடித்துப் பார்த்து, பாஸாகிற நாடிதான் இது, போ என்று அனுப்பினார். ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போதுதான் வெள்ளைச் செருப்பைக் கழுவி வெகுநாள் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. துணிமேல் தூசி படிந்திருந்தது. ஊதித் தட்டிவிட்டு அப்படியே வைத்துவிட்டார்.

வருஷத்தின் கடைசி வேலைநாளில் மதர் வேனோடு வந்து இறங்கினார். சொன்ன வாக்கு சொன்னதுதான். நர்ஸ் படிப்பு முடித்த இளம் சிஸ்டர் தயார். மருத்துவமனையில் சிஸ்டருடைய இடம் காலியாக இருக்கிறது. மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பெட்டி கட்டியாகிவிட்டது. பெட்டிமேல் துணிச்சுருளில் வெள்ளைச் செருப்பு. ஜன்னலுக்கு வெளியே பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் மைதானம் இரைந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு ஒரு பக்கம் கயிறு தாண்டியது. வயிற்றுவலிதான் கயிற்றின் ஒரு முனையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு கணக்கில் பாஸ் பண்ணிவிடுவேன் என்று அவள் சிஸ்டரிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். முடிவு வருகிற அன்று தான் இங்கே இருக்கப்போவதில்லை என்பதைச் சிஸ்டர் அவளிடம் சொல்லவில்லை.

"என்ன சிஸ்டர், கெளம்பலாமா? உங்க செவப்புக் கோடு அங்கேயே பத்திரமா இருக்கு" என்றார் மதர்.

சரி மதர் என்று சொல்லவேண்டும். ஆயுள் முழுக்கச் சொன்ன இரண்டு வார்த்தை. முடியாது என்று சொல்ல வாய் வராதவருக்கு அன்று சரி என்று சொல்லவும் வரவில்லை. வருஷம் முழுக்க இந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம், வந்துவிட்டது, சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அவருக்கே புரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்.

"மதர், வயித்த வலிக்குது" என்றார்.

மதர் அவரைக் கூர்ந்து பார்த்தார். எதிர்க்கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "ஒரு விரல வச்சுக் காட்டுங்க."

சிஸ்டர் விரலை வலப்பக்கம் வைத்தார். மதர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். முட்டிவலி எப்படி இருக்கிறது என்றார். அந்தக் கோப்பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்றார். மேடையில் செத்துப்போனாளே, அந்தப் பிள்ளை இப்போது எப்படிப் படிக்கிறாள் என்றும் கேட்டார். அவ்வளவுதான், சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளாடையில் புள்ளி வைத்த கதை, ஏழாம் வகுப்பு முதுகால் கதவு திறந்து தலைமையாசிரியையை மோதிய கதை, ஃபாதரின் பிரசங்கம் சுருங்கிய கதை என்று இரண்டு கைகளையும் ஆட்டி, மைதானத்துச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனார்.

"இப்ப எங்க வலிக்குது?" என்று கேட்டார் மதர்.

விரல் இடப்பக்கம் போய் நின்றது. அது போன பிறகுதான் சிஸ்டர் அதைப் பார்த்தார். சிவப்பு கழுத்திலிருந்து நெற்றிவரை ஒரே மூச்சில் ஏறியது. மதர் எழுந்து பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கிறாரா என்று எதிரிலேயே நின்று பார்த்தார்.

"இந்த வலியோட பயணம் பண்ணக்கூடாது. நர்ஸ் படிச்சு முடிச்சிருக்கிற பொண்ண நான் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிக்கிறேன். நீங்க படுத்து எழுந்திரிச்சு மெதுவா வாங்க."

"எப்ப மதர்?"

"சரியானப்ப. அதுவரைக்கும் இங்கயே இருங்க. இங்கதான கட்டில் இருக்கு" என்றார் மதர், தையல்கடை அம்மாவிடமிருந்து ஊர் முழுக்கப் பரவியிருந்த அதே வார்த்தையில்.

வேன் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சிஸ்டர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பெட்டிமேல் இருந்த துணிச்சுருளைப் பிரித்து, வெள்ளைச் செருப்பை எடுத்துத் தரையில் போட்டு, காலை நுழைத்துக்கொண்டார். கைகள் இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, மைதானப் பக்கத்துக் கதவை முதுகால் தள்ளினார். வாசற்படியில் ஒரு கணம்கூட நிற்காமல், புழுதி பறந்துகொண்டிருந்த மண்ணில் இறங்கிக் கயிறு சுழலுகிற இடத்தைப் பார்த்து நடந்தார்.